மூன்று மாத்திரையும் ஒரு மொட்டைப் படமும்

மார்ச் 3, செவ்வாய்

மணி ஒன்றே கால். தூக்கம் வரவில்லை என்று எழுதினால் புகார் மாதிரி இருக்கும். எனக்கு ஒரு புகாரும் இல்லை. தூக்கம் தேவைப்படவில்லை, அவ்வளவுதான். மாத்திரை ஆரம்பித்து இன்றோடு ஆறு நாள். காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு மூன்று, வெள்ளை நிறம், நாக்கில் பட்டால் சகிக்காத கசப்பு. கால் வீக்கம் பாதி வடிந்துவிட்டது. பழைய செருப்பு மறுபடி நுழைகிறது.

டாக்டர் ரெஜினா சொன்னதை அப்படியே எழுதி வைக்கிறேன். வீட்டுக்காரர் தினகரன் கேட்டபோது நான் பாதிதான் சொன்னேன், அவர் வேலைக்குக் கிளம்பும் நேரம்.

"உங்க உடம்போட எதிர்ப்புசக்தி உங்க கிட்னியையே அடிக்குது சுபாஷினி. அதான் புரதம் கசியுது, கால் வீங்குது. இந்த ஸ்டீராய்டு அதை அடக்கி வைக்கும். அடங்கியிருக்கற நேரத்துல வேற கிருமி உள்ள வந்தா தடுக்க ஆள் இருக்காது. கூட்டத்துக்குப் போகாதீங்க. நீங்களா மாத்திரைய நிறுத்திடவும் கூடாது."

அப்புறம் ஒரு பட்டியல் கேட்டார். காசநோய் உண்டா, மஞ்சள் காமாலை உண்டா, சின்ன வயதில் அம்மை போட்டிருக்கிறதா. கடைசிக் கேள்விக்கு நான் துள்ளிக்கொண்டு பதில் சொன்னேன். போட்டிருக்கு டாக்டர், அத்தாட்சியே இருக்கு. அருப்புக்கோட்டையில் எங்கள் அம்மா வீட்டில் ஃபிரிட்ஜுக்கு மேலே ஒரு படம் மாட்டியிருக்கும். எனக்கு ஐந்து வயது, கோபி அண்ணனுக்கு எட்டு. அம்மை இறங்கி, வேண்டுதல் முடித்து, மாரியம்மன் கோயில் வாசலில் இரண்டு பேரும் மொட்டை, மண்டை முழுக்கச் சந்தனம், கையில் ஆளுக்கொரு சிவப்பு பலூன். டாக்டர் சிரித்துக்கொண்டே ஃபைலில் டிக் போட்டார்.

இதழினி என் பக்கத்தில் குப்புறப் படுத்துத் தூங்குகிறாள். நாலு வயதுக்கு இவ்வளவு குறட்டை.

மார்ச் 5, வியாழன்

இன்று செய்தவை: மளிகை டப்பா எல்லாவற்றையும் கழுவிக் காயவைத்தேன். பருப்புப் பொடி, கறிவேப்பிலைப் பொடி, எள்ளுப் பொடி அரைத்தேன். பத்தாம் வகுப்பு டியூஷன் பிள்ளைகளுக்கு முக்கோணவியல் முழுவதையும் ஒரே சார்ட்டில் வரைந்தேன். டியூஷனை நிறுத்தி ஒரு வாரம் ஆகிறது என்பது சார்ட் முடிந்த பிறகுதான் ஞாபகம் வந்தது.

பசி இருக்கிறதே, அது தனி. ஒன்பது மணிக்கு நான்கு தோசை, பத்தரைக்கு மறுபடி மூன்று.

மார்ச் 8, ஞாயிறு

கன்னம் இரண்டும் பந்து மாதிரி ஆகிவிட்டது. இதழினி இரண்டு கையாலும் அழுத்திப் பார்த்து, "அம்மா, உள்ள என்ன வச்சிருக்க?" என்றாள். பன் என்றேன். நம்பிவிட்டாள். வாயைத் திறக்கச் சொல்லி எட்டிப் பார்த்தாள்.

தினகரன் பைக் சர்வீஸ் சென்டரில் சூப்பர்வைசர். எதையும் சத்தம் வைத்தே கண்டுபிடிக்கிற ஆள். மதியம் நான் பீரோவை நகர்த்தி, கட்டிலைத் திருப்பிப் போட்டு, திரும்பப் பழைய இடத்திலேயே வைத்ததைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"சுபா, உனக்கு ஐடிலிங் ஜாஸ்தியா இருக்கு."

"அப்படின்னா?"

"வண்டி நிக்குது. இன்ஜின் மட்டும் உறுமுது."

எனக்கு வந்த சிரிப்பில் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. மனிதருக்கு நகைச்சுவை உணர்வு குறைந்துகொண்டே வருகிறது.

மார்ச் 11, புதன்

பள்ளிக்கூட வாட்ஸப் குழுவில் மிஸ் போட்டிருக்கிறார்: ப்ரீகேஜியில் இரண்டு பிள்ளைகளுக்கு அம்மை, திங்கள் வரை விடுமுறை. அதற்குக் கீழே அம்மாக்கள் இருபத்தேழு பேர் கும்பிடு பொம்மை அனுப்பியிருக்கிறார்கள். ஒருத்தி மட்டும் அந்தத் தடுப்பூசி போட்டீர்களா என்று கேட்டிருக்கிறாள். அது அரசாங்கப் பட்டியலில் இல்லாத ஊசி, தனியாகப் போட வேண்டும். போடுவோம் போடுவோம் என்று நாங்கள் விட்டுவிட்டோம்.

நான் கவலைப்படவில்லை. எனக்குத்தான் வந்து போய்விட்டதே.

மார்ச் 13, வெள்ளி

முதுகில் மூன்று, காதுக்குப் பின்னால் ஒன்று. தண்ணீர்ச் சொட்டு ஒட்டிக்கொண்ட மாதிரி. மதியத்துக்குள் பதினாறு. காய்ச்சல் நூறு.

அம்மாவுக்குப் போன் போட்டேன். அம்மா குரலே மாறிவிட்டது, கோயிலுக்குள் நின்று பேசுகிற மாதிரி.

"ஆத்தா வந்திருக்காடி. சத்தம் போட்டுப் பேசாதீக. வாசல்ல வேப்பிலை சொருகு. தாளிக்கக் கூடாது, வறுக்கக் கூடாது, பொரிக்கக் கூடாது. வெளியாள உள்ள விடாத."

தாளிக்கக் கூடாது என்றால் என் பசிக்கு நான் என்ன செய்ய. தயிர்சாதம் ஒரு குண்டான் பிசைந்தேன்.

தினகரன் வேப்பங்கொத்தோடு வந்தார். "எதுக்கும் உன் டாக்டருக்கு ஒரு போன் போட்ரு."

"எனக்குத்தான் போட்டிருச்சே. ஒருக்கா போட்டா மறுபடி போடாது. எட்டாம் வகுப்பு பாடம்."

"உனக்கு மாத்திரை வேற ஓடுதுல்ல."

"சின்ன வயசுல உங்களுக்கு அம்மை வந்தது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நெத்தியில தழும்பு இருக்கு."

"எனக்குப் படமே இருக்கு."

அதோடு பேச்சு முடிந்தது.

மார்ச் 14, சனி

என்ன அழகான நாள். பாயில் வேப்பிலை பரப்பி இதழினியைப் படுக்கவைத்து, நானும் பக்கத்தில் படுத்துக்கொண்டேன். அரிக்கிற இடத்தில் எல்லாம் வேப்பிலைக் கொத்தால் தடவிக்கொடுத்தேன். ஒவ்வொரு கொப்புளத்துக்கும் அவள் ஒரு பெயர் வைத்தாள். தொப்புளுக்குப் பக்கத்தில் இருப்பவன் மாவு மாமா. இரண்டு பேரும் ஒரே டம்ளரில் இளநீர் குடித்தோம். அவள் மூச்சு என் கழுத்தில் சுடச்சுட. பிள்ளைக்கு உடம்பு சரியில்லாதபோது சந்தோஷமாக இருந்தேன் என்று எழுதுவது தப்புதான். ஆனால் இருந்தேன்.

மார்ச் 15, ஞாயிறு

காலையில் திருப்பூரிலிருந்து கோபி அண்ணன் வீடியோ காலில் மருமகளைப் பார்க்க வந்தான்.

"பாத்தியாண்ணே, நம்ம ரெண்டு பேரும் கெடந்த மாதிரியே கெடக்கா" என்றேன்.

"ரெண்டு பேரா? நான் ஒத்தையிலல்ல கெடந்தேன். உன்னையத்தான் சித்தி வீட்டுக்குப் பத்தி விட்டாங்களே. நீ அங்க உக்காந்து டிவி பாத்த, நான் இங்க வேப்பிலையில உருண்டேன். அந்தக் கோவம் எனக்கு இன்னும் ஆறல புள்ள."

"அப்ப மொட்டை?"

"எனக்கு மட்டும் மொட்டையான்னு நான் கோயில்ல கத்துன கத்துக்கு உன்னையும் உக்கார வச்சு வழிச்சு விட்டாங்க. ஒரு பலூன் குடுத்தா நீ யாருக்கு வேணா தலையக் குடுப்ப."

அவன் சிரித்தான். நானும் சிரித்தேன். சிரிப்பு எங்கே நின்றது என்று தெரியவில்லை.

அம்மாவுக்குப் போட்டேன்.

"ஆத்தா வீட்டுக்கு வந்தாடி" என்றாள். "வீட்டுக்கு வந்தா எல்லாருக்கும் வந்த மாதிரிதான். இது உனக்கு, இது அவனுக்குன்னா பிரிக்க முடியும்? ரெண்டு பேருக்கும் சேத்துத்தான் வேண்டிக்கிட்டேன், ரெண்டு பேருக்கும் சேத்துத்தான் முடி குடுத்தேன்."

"அம்மா. என் உடம்புல வந்துச்சா, வரலையா?"

போனில் அம்மா ஃபேனை அணைக்கிற சத்தம் கேட்டது.

"உடம்புல வரல."

டாக்டர் ரெஜினா ஞாயிற்றுக்கிழமையும் போனை எடுத்தார். எத்தனை நாளாகப் பிள்ளை பக்கத்தில் என்று கேட்டார். மூன்று நாள், ஒரே பாய், ஒரே டம்ளர் என்றேன்.

"மாத்திரைய நிறுத்திடலாம்னு இப்ப உங்களுக்குத் தோணும். நிறுத்தாதீங்க. திடீர்னு நிறுத்தினா அது வேற ஆபத்து. நாளைக்குக் காலையில ரத்தம் குடுங்க. ஒரு ஊசி இருக்கு, அம்மை வந்து போனவங்க ரத்தத்துல இருந்து எடுத்த தடுப்புசக்தி. இங்க கிடைக்காது, சென்னையில சொல்லி வரவழைக்கறேன். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. சாதாரண ஆளுக்கு இது பத்து நாள் அரிப்பு. உங்களுக்கு நுரையீரல்ல ஏறலாம், கல்லீரல்ல ஏறலாம். பயமுறுத்தலை. தெரிஞ்சிருக்கணும்."

சாயங்காலம் மதினி வந்தார்கள். தினகரனின் அக்கா தேன்மொழி, மூன்று தெரு தள்ளி வீடு, அம்மை வந்து கன்னத்தில் குழியோடு இருப்பவர்கள். இதழினியை வேட்டியில் சுற்றித் தூக்கினார்கள். நான் மாஸ்க் போட்டுக்கொண்டு சமையலறை ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நின்றேன். கையை ஆட்டினேன். இரண்டு கையையும் ஆட்டினேன். பைத்தியம் மாதிரி குதித்துக் குதித்து ஆட்டினேன். அவள் சிரித்துக்கொண்டே போனாள். அதுதான் வேண்டும்.

மார்ச் 16, திங்கள்

கண்ணாடி முன்னால் மொபைல் டார்ச்சோடு ஒரு மணி நேரம் தழும்பு தேடினேன். முழங்காலில் ஒன்று கிடைத்தது. தினகரனைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"இது நீ என் வண்டியில இருந்து விழுந்தது" என்றார். "கல்யாணமாகி மூணாவது மாசம்."

மார்ச் 17, செவ்வாய்

ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. எனக்கு அம்மை வந்ததற்கான தடயமே இல்லையாம். ஊசி ஐஸ் பெட்டிக்குள், காலை விமானத்தில், என்னைவிட ராஜ மரியாதையோடு வந்து இறங்கியது. இரண்டு பக்கமும் போட்டார்கள். உட்கார முடியவில்லை, அதனால் நின்றுகொண்டே எழுதுகிறேன்.

"இது முழுசாத் தடுக்கும்னு சொல்ல மாட்டேன்" என்றார் டாக்டர். "வந்தாலும் வேகம் குறையும். இன்னும் நாலு வாரம் நீங்க கண்ணாடிப் பாத்திரம். காய்ச்சல், மூச்சு வாங்கறது, வயித்து வலி, முதுகு வலி, கொப்புளம் ஒண்ணே ஒண்ணு வந்தாக்கூட, நேரம் பாக்காம வரணும்." பிறகு ஃபைலைத் திறந்து அந்த டிக்கை அடித்தார். "இனிமே நான் மொட்டைய நம்ப மாட்டேன், ரத்தத்தைத்தான் நம்புவேன்."

மார்ச் 19, வியாழன்

இதழினிக்கு முதல் தண்ணீர் ஊற்றிவிட்டார்கள். மதினி வீடியோவில் காட்டினார்கள். கொப்புளம் எல்லாம் கருகிவிட்டது. "மாவு மாமா செத்துட்டான்" என்று அறிவித்தாள்.

மார்ச் 22, ஞாயிறு

சும்மா இருக்க முடியவில்லை, அதனால் சில வேலைகள். மொபைலில் இதழினிக்குக் கதைகள் சொல்லிப் பதிவுசெய்தேன். இதுவரை நாற்பத்தொன்று. தினகரனுக்கு இரட்டைச் சடை பின்னச் சொல்லிக்கொடுத்தேன். பிள்ளை இல்லாததால் என் முடியிலேயே பழகினார். கேபிள் ஒயர் முறுக்குகிற மாதிரி முறுக்குகிறார். அவளுக்கு எந்தச் சளி மருந்து சேராது, எந்தப் பாட்டுக்குத் தூங்குவாள், கத்தரிக்காயை எப்படி ஏமாற்றிக் கொடுப்பது, எல்லாம் ஒரு நோட்டில் எழுதி ஃபிரிட்ஜுக்கு மேலே வைத்தேன். ஆறாவது பிறந்தநாளுக்குப் பட்டுப்பாவாடை எந்தக் கலரில் எடுக்க வேண்டும் என்பதையும் எழுதினேன். அவளுக்கு இப்போது நாலு. கை சும்மா இருக்க மறுக்கிறது, வேறொன்றும் இல்லை.

நோட்டைத் தினகரன் புரட்டிப் பார்த்தார். மூடி வைத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டார். துணி எடுக்கவாம். கொடியில் துணியே இல்லை.

மார்ச் 25, புதன்

இன்று வீடியோவில் இதழினி என்னிடம் சரியாகப் பேசவில்லை. மதினி மடியில் ஏறிக்கொண்டு அவர்கள் வளையலை எண்ணிக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் அப்படித்தான். நல்லதுதான்.

முறுக்கு மாவு பிசைந்தேன். இனி தாளிக்கலாம், பொரிக்கலாம். ஐம்பது முறுக்கு சுட்டு மதினி வீட்டு வாசலில் வைத்துவிட்டு வரச் சொன்னேன். முப்பத்தெட்டுதான் போய்ச் சேர்ந்தது. பன்னிரண்டு என்னுடையது.

மார்ச் 28, சனி

வயிற்றில் லேசாக வலி. பதினோரு இட்லி.

மார்ச் 29, ஞாயிறு

கேஸ்தான். ஓமத் தண்ணீர் குடித்தேன். முதுகிலும் கொஞ்சம். அலமாரிக்குக் காகிதம் மாற்றினேன், குனிந்ததால் இருக்கும். தினகரனிடம் சொல்லவில்லை, பாவம், ஒரு நாள்தான் லீவு.

ஏப்ரல் 2, வியாழன்

ஆஸ்பத்திரி. தனி அறை. இடது கையில் டிரிப் ஊசி, வலது கை சும்மா இருக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

திங்கள்கிழமை விடிகாலை நான் சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேனாம். எனக்கு ஞாபகம் இருப்பது தினகரன் குரல்தான்.

"எங்க வலிக்குது?"

"கேஸு."

"எங்க வலிக்குதுன்னு கேட்டேன்."

"வயிறும் முதுகும். இட்லி ஜாஸ்தியாயிருச்சு."

"இட்லிக்கு முதுகு வலிக்குமா சுபா? அந்த டாக்டர் சொன்னப்ப நானும் பக்கத்துலதான நின்னேன்."

செருப்புப் போட விடவில்லை. பைக் வேண்டாம் என்று ஆட்டோ. வழி முழுக்க என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு வந்தார், நான் குதித்து ஓடிவிடுவேன் என்பது போல.

டாக்டர் ரெஜினா வயிற்றை ஓரிடத்தில் அழுத்தினார். நான் போட்ட சத்தம் எனக்கே புதிது. "கல்லீரல்" என்றார். "கொப்புளம் வெளிய வர்றதுக்கு முன்னாடி உள்ள வேலையைக் காட்டுது. காத்திருக்க வேணாம், மருந்தை ஏத்துங்க." அன்று சாயங்காலம்தான் நெஞ்சில் முதல் இரண்டு கொப்புளம் தெரிந்தது. இன்னும் ஒரு நாள் இட்லியைக் குறை சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டேன். "அதை நான் இப்ப பேசப் போறதில்ல" என்றார்.

ஏப்ரல் 3, வெள்ளி

அருப்புக்கோட்டையிலிருந்து அம்மா வந்துவிட்டாள், பை நிறைய வேப்பிலையோடு. ஆத்தா வந்திருக்கும்போது ஊசி குத்துவதா என்று சண்டை போடுவாள் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். நர்ஸ் அடுத்த பாட்டில் மாற்ற வந்தாள். அம்மா ஒதுங்கி வழிவிட்டாள்.

"ஊசி போடு தாயி" என்றாள். "அவகிட்ட நான் பேசிக்கிறேன்."

பிறகு கட்டில் ஓரத்தில் நின்றுகொண்டு என்னிடம் எதுவோ சொல்ல வாயெடுத்தாள். வேப்பிலையைத் தலையணைக்கு அடியில் வைத்தாள். நர்ஸ் பார்த்தும் பார்க்காத மாதிரி போனாள்.

ஏப்ரல் 4, சனி

முகத்தில் முப்பது. எண்ணுவதை நிறுத்திவிட்டேன்.

ஏப்ரல் 6, திங்கள்

நேற்று முன்தினம் முதல் புதிதாக ஒன்றும் வரவில்லை. கல்லீரல் எண்கள் இறங்குகின்றன. நெஞ்சுப் படம் சுத்தம். அந்த ஊசியும் இந்த மருந்தும் சேர்ந்து காப்பாற்றின என்றார் டாக்டர். கிட்னியும் நல்ல பிள்ளையாக இருப்பதால் மாத்திரையை நேற்றே மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்துவிட்டார்.

குறைத்தவுடன் ஊரே அமைதியானது போல இருக்கிறது. நேற்றிரவு ஐந்து மணி நேரம் தூங்கினேன். விழித்ததும் அழுகை வந்தது. அந்த நோட்டை நினைத்துத்தான். ஆறாவது பிறந்தநாளுக்கு மாம்பழக் கலர் என்று எழுதியிருந்தேன். அதை எழுதினபோது எனக்குப் பயம். இப்போது எழுதுகிறேன், அப்போது பயம்.

ஏப்ரல் 9, வியாழன்

வீடு. எல்லாம் பொருக்குத் தட்டிவிட்டது. இனி யாருக்கும் என்னிடமிருந்து ஒட்டாதாம்.

ஏப்ரல் 12, ஞாயிறு

மதியம் மதினி இதழினியைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். நான் கட்டிலில் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தைப் பாதி மூடியிருந்தேன். பந்துக் கன்னம், அதில் கறுப்புப் புள்ளிகள், பிள்ளை மிரண்டு ஓடினால் என்ன செய்வது. ஓடி வந்து விழுவாள் என்றும் ஒரு பக்கம் எதிர்பார்த்தேன்.

இரண்டும் நடக்கவில்லை. நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள். கை இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"உள்ள போ தங்கம்" என்றார்கள் மதினி.

அசையவில்லை.

"என்ன குட்டி, அம்மா மறந்து போச்சா?" என்றேன். அதைக் கேட்க எனக்கு இருபத்தெட்டு நாள் ஆனது.

தலையை ஆட்டினாள். அப்புறம் மெதுவாக, யாரோ திட்டுவார்கள் என்பது போல, "தொட்டா உனக்கு வந்துரும்ல?"

மதினி வாயைப் பொத்திக்கொண்டார்கள். "நான்தான் சுபா சொல்லி வச்சேன். அம்மாகிட்ட போகணும், அம்மாகிட்ட போகணும்னு வாசலுக்கு ஓடிட்டே இருந்தா. தொட்டா அம்மாவுக்கு வந்துரும்னு சொன்னப்புறம் அந்தப் பேச்சே எடுக்கல. போன்ல கூட உன்னை நேராப் பாக்க மாட்டேன்னுட்டா."

வளையல் எண்ணினது அதற்குத்தானா.

நான் முந்தானையை எடுத்தேன். "இங்க பாரு. எனக்கு வந்தாச்சு. வந்து, போயிருச்சு."

"நான் குடுத்ததா?"

பொய் சொல்லலாம் என்று ஒரு கணம் நினைத்தேன். எங்கள் வீட்டில் ஏற்கெனவே யாருக்கு வந்தது என்பதில் போதுமான குழப்பம் ஆகிவிட்டது.

"ஆமா. உனக்கு கிளாஸ்ல ஒரு பிள்ளை குடுத்துச்சு, நீ எனக்குக் குடுத்த. யாரும் தெரிஞ்சு குடுக்கல. இப்ப உனக்கும் இனிமே வராது, எனக்கும் வராது. எவ்வளவு வேணா தொடலாம்."

"அப்பா?"

"அப்பாவையும் தொடலாம்."

ஒரு விரலை மட்டும் நீட்டிக்கொண்டு வந்தாள். என் முழங்கையில் இருந்த பொருக்கு ஒன்றின் மேல் வைத்தாள். பார்த்தாள். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. இன்னொரு விரல். அப்புறம் முழங்காலை என் வயிற்றில் ஊன்றி, காதைப் பிடித்து ஏறி, மொத்தமாக வந்து விழுந்தாள். விழுந்த வேகத்தில் மூக்கில் இடி. தினகரன் வாசல் பக்கம் திரும்பிக்கொண்டு பைக் சாவியைத் தேடினார். அது அவர் கையிலேயே இருந்தது.

இப்போது மணி நாலு, பகல் நாலு. வலது கையில் தலை வைத்துத் தூங்குகிறாள், பழைய குறட்டை. அதனால் இடது கையால் எழுதுகிறேன். எழுத்து கோணலாகத்தான் இருக்கும். கையை உருவ மாட்டேன்.